ஒன்றரைச் சாண் முள்

கால்சா, பலெர்மோ
ஞாயிறு இரவு

அன்புள்ள சங்கரா,

தங்கச்சி வீட்டு மொட்டை மாடியிலிருந்து எழுதுகிறேன். பத்து நாளாகக் கடலும் மாதா கோயில்களுமாகச் சுற்றியாயிற்று. இந்தத் தெருக்களில் பாவியிருக்கும் கல் மழைக்கு வழுக்குகிறது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கவேண்டும். "ஒரு மலையையாவது காட்டுங்கடா" என்றாள். கடையத்துக்காரிக்கு வேறு எப்படிக் கேட்க வரும்?

அதனால் நேற்று எல்லோரும் மாப்பிள்ளை காரில் ஃபிகூசா காட்டுக்குப் போனோம். தெற்கே ஒரு மணி நேரம். 1798 கடைசியில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து நேப்பிள்ஸிலிருந்து ஓடிவந்த பெர்டினாண்ட் ராஜா தன் வேட்டைக்காக ஒதுக்கிக்கொண்ட காடு. அவர் கட்டிய மாளிகை இன்றும் இருக்கிறது. அதற்குப் பின்னால் புசாம்பிரா பாறை, 1,613 மீட்டர். நம் அகத்தியர் மலையைவிடக் கொஞ்சம் குட்டை. அம்மா அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டாள். தக்கை எடுக்கும் ஓக் மரங்களும் உண்டு. பட்டை உரித்த அடிமரம் மழையில் நனைந்த செம்மண் நிறத்தில் நின்றது.

பையன் முண்டந்துறை நினைப்பில் புலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவனுக்குக் கிடைத்தது ஒரு முள். பாதை ஓரமாகக் கிடந்தது. ஒன்றரைச் சாண் நீளம், கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையம். கையில் வைத்தால் கனமே இல்லை, நுனி மட்டும் ஊசி. நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "இது நம்ம முள்ளம்பன்றில்லா!" என்றாள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அருகே வந்து, "போர்க்கோஸ்பினோ" என்றார். தங்கச்சி மகள் அர்த்தம் சொன்னாள்: போர்க்கோ என்றால் பன்றி, ஸ்பினா என்றால் முள். நாமும் அவர்களும் ஒரே மாதிரி பார்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறோம், சங்கரா! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இங்கே இருப்பது கொண்டை முள்ளம்பன்றி, நம்முடையதற்குப் பங்காளி. ராத்திரியில் அவர் தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்கிறதாம். காட்டுப்பன்றியும் சேர்ந்துகொள்கிறதாம். அம்மாவுக்குப் பேச்சு நிற்கவில்லை. அப்பா மரவள்ளிக்குக் காவலாகப் பரணில் படுத்து விடிய விடியத் தகரம் தட்டியதை எல்லாம் சொன்னாள். பேத்தி மொழிபெயர்க்க, பெரியவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

கொல்லத் தோன்றவில்லையா என்று கேட்டேன். சட்டப்படி கூடாது என்றார். கொஞ்சம் பொறுத்து, தன் தாத்தா இந்தக் காட்டில் ஓநாயின் ஊளையைக் கேட்டிருக்கிறார் என்றார். ஆட்டைத் தின்றதென்று ஊர் ஊராகக் கொன்றார்கள். சிசிலிக்கென்றே இருந்த ஓநாய் அது. போன நூற்றாண்டின் முற்பாதியிலேயே பூண்டோடு போய்விட்டது. அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

முள்ளை எடுத்த இடத்திலேயே போடச் சொன்னேன். பையன் மனசில்லாமல் போட்டான்.

இன்றைக்கெல்லாம் உன் தென்னங்கன்றுகள்தான் என் நினைப்பில். நான் புறப்படும்போது பதினெட்டுக் கன்று போச்சு, கரண்டு வேலி போடப்போகிறேன் என்றாயே. போடாதே, சங்கரா. அடிவாரத்தில் அதில் யானையே மாட்டும். விடியற்காலம் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷனும் மாட்டுவான். கன்றைச் சுற்றிக் கம்பி வலையை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்துக் கட்டு. செலவில் பாதி என்னுடையது. வந்ததும் இரண்டு பேருமாகக் குழி வெட்டுவோம்.

அம்மா உன் வீட்டாரை விசாரித்தாள்.

உன்,
முருகன்