தாப்பா மலைச்சாலையில் மூச்சு வாங்கிய வேன்

கேமரன் மலைக்குப் போக இப்போது சிம்பாங் பூலாய் வழியாக அகலமான சாலை இருக்கிறது. ஆனாலும் அம்மா கேட்டது தாப்பா சாலையைத்தான். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். கல்யாணமாகி, காய்கறி லோரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து இந்தச் சாலை வழியாகத்தான் கீழே இறங்கினாராம். "அப்பாவோட வேன்லயே போவோம்" என்றும் சொல்லிவிட்டார்.

எனக்குத் தயக்கம் அங்கேதான். அப்பா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேன் அது. அவர் காலமான பிறகு எட்டு மாதம் வாசலிலேயே நின்றது. மறுபடி எடுத்தபோது, லோரியை முந்தலாம் என்று மிதித்தால் விக்கியது. ஒரு பட்டறையில் காட்டினேன். "என்ஜின் தேஞ்சு போச்சு, முழுசா பிரிக்கணும், 3,500 வெள்ளி ஆகும்" என்றார்கள். இந்தப் பயணத்தோடு பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முதலில் டுரியான் மரங்கள், பிறகு மூங்கில் புதர்கள், அதன் பிறகு வளைவுக்கு மேல் வளைவு. சாலையோரக் குடிசைகளில் பூர்வக்குடி மக்கள் பெட்டாயும் தேனும் வைத்து விற்கிறார்கள். அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, "காத்து மாறிடுச்சு பாரு" என்றார்.

காற்று மட்டுமா மாறியது? வேனும்தான். மூன்றாவது கியரில் மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. பின்னால் ஹாரன் சத்தம். ஓரமாக நிறுத்தினால் என்ஜின் அமைதியாக ஓடியது. பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் இரண்டு கிலோமீட்டர் ஏறியது. பிறகு மறுபடி சோர்வு. இப்படியே தவழ்ந்து லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியை அடைந்தோம்.

அங்கே கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். பல வருடம் இதே சாலையில் காய்கறி லோரி ஓட்டியவர். பானெட்டைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டார்.

"தம்பி, பட்டுனு அறுந்து போகுதா, இல்ல கொஞ்சங் கொஞ்சமா செத்துப்போகுதா?"

"கொஞ்சங் கொஞ்சமாத்தாண்ணே."

"அப்ப காயில், பிளக் மேல எனக்குச் சந்தேகம் இல்ல. பொறி போனா வெட்டி வெட்டி இழுக்கும். நீல நிறத்துல புகை வருதா? என்ஜின் ஆயில் குறையுதா?"

இரண்டும் இல்லை என்றேன். "அப்படின்னா என்ஜின் தேஞ்சு போச்சுன்னு அவசரப்பட வேணாம்" என்றவர், பெட்ரோல் மூடியைத் திறந்து காதைக் கொடுத்தார். உள்ளே காற்று இழுக்கும் சத்தம் இல்லை. டாங்கிக் காற்றுத் துளை அடைக்கவில்லை என்று அர்த்தமாம்.

முன்னிருக்கையைத் தூக்கினால்தான் என்ஜின் தெரியும் வகை வேன் அது. சூடு ஆறும்வரை காத்திருந்து, பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு, பெட்ரோல் குழாயின் நடுவிலிருந்த சின்ன பிளாஸ்டிக் பில்டரைக் கழற்றினார். உள்ளே காப்பித் தூள் போலத் துரு. சும்மா நிற்கும்போது என்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். அது கசிந்து வந்துவிடும். மேட்டில் மிதிக்கும்போது கேட்கிற அளவு வராது. நிறுத்தி வைத்தால் கார்புரேட்டர் கிண்ணம் மெல்ல நிரம்பும். அதுதான் அந்த இரண்டு கிலோமீட்டர்.

"வண்டி ரொம்ப நாள் சும்மா நின்னுச்சா?"

அம்மா முந்திக்கொண்டு, "எட்டு மாசம்" என்றார். பாதி காலியான டாங்கியில் ஈரம் கோர்த்துத் துரு பிடித்திருக்கிறது.

பில்டரைப் பின்பக்கமாகத் தட்டித் துருவை உதிர்த்து மாட்டினார். அது தற்காலிக வைத்தியம்தான். மெதுவாக ரிங்லெட் வரை போய், அங்கே புதிது வாங்கி மாட்டினோம். பத்து வெள்ளிகூட ஆகவில்லை.

அதன் பிறகு வேன் அப்பா ஓட்டிய வேனாக ஏறியது. சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் கொஞ்சம் மந்தம் தெரிந்தது உண்மை. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பழைய என்ஜின்கள் 15 விழுக்காடு வரை சக்தி இழக்கும். அது பழுதல்ல. தானா ராத்தா என்றால் மலாயில் சமதளம்; அங்கே போனதும் வேனும் நிம்மதியாக நின்றது.

திரும்பும்போது ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைச் சரிவு ஓரமாக நிறுத்தச் சொன்னார் அம்மா. அவர் பிறந்த லயம் இப்போது இல்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றவர், "அடுத்த வருசமும் இதுலயே வருவோமா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு, வேன் விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். டாங்கியைக் கழற்றிக் கழுவும் வேலை பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் புதிய பில்டரும் அடைத்துக்கொள்ளும்.