பிறர் பையில் என் உயிர்

பனிச்சரிவில் புதைந்துபோனவனுக்குத் தன் பையில் இருக்கும் ஷவலால் ஒரு பயனும் இல்லை. சரிந்து வந்த பனி நின்ற மறுகணமே இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. ஆக, அந்த ஷவலை நான் சுமப்பது எனக்காக அல்ல, கூட வருகிறவருக்காக. என்னைத் தோண்டி எடுக்கப்போகிற ஷவல் அவர் முதுகில் இருக்கிறது.

லிஃப்ட் இல்லாத மலைகளில் சறுக்கப் போகிறவர்கள் கட்டாயம் கொண்டுபோகும் பொருள்கள் மூன்று. நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பீக்கன், மடக்கி வைக்கும் நீளமான புரோப் கம்பி, ஷவல். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். யாராவது புதைந்தால், மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்தத் துடிப்பைப் பின்தொடர்ந்து வந்து, கம்பியால் குத்திப் பார்த்து, தோண்ட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் இந்தக் கணக்கு முடிந்துவிடும். காப்பாற்றினால் பக்கத்தில் நிற்பவர்தான் காப்பாற்ற வேண்டும்.

நாங்கள் போவது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ரோஜர்ஸ் கணவாய்க்கு. கால்கரியிலிருந்து மேற்கே காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அசுல்கன் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால், அதன் தலைமாட்டில் பனியாறுகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் கனடா ஆல்பைன் கிளப்பின் ஒரு சிறு குடில். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர் தூரம், 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். ஸ்கீயின் அடிப்பக்கத்தில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொள்வோம். முன்பு கடல்நாய்த் தோல். இப்போது மோஹேர், நைலான். அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே சறுக்காது. குதிகாலை விடுவித்துவிட்டு நடந்தால் செங்குத்தான சரிவிலும் வளைந்து வளைந்து ஏறலாம். நாலைந்து மணி நேரம் ஏறியதைச் சறுக்கி இறங்க ஒரு மணி நேரம் ஆகாது. மதுரையிலிருந்து அம்மா போனில் ஒருமுறை கேட்டார்: "ஏன்டா, கீழ வர்றதுக்கா மேல ஏறுறீங்க?" சரியான கேள்விதான்.

காலையில் புறப்படும் இடத்திலேயே ஒரு சடங்கு உண்டு. ஒருவர் பாதையில் சற்று முன்னே போய் நிற்பார். மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடப்பார்கள். அவர் கையில் இருக்கும் பீக்கன் ஒவ்வொருவருக்கும் 'பீப்' என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கடக்க வந்தவர் அங்கேயே நிற்பார். பேட்டரியா, சுவிட்சா என்று பார்த்த பிறகுதான் பயணம். இருட்டில், குளிரில், இன்னும் தூக்கம் கலையாத முகங்களோடு ஒருவரையொருவர் இப்படிச் சோதித்துக்கொள்வதில் சங்கோஜம் எதுவும் இல்லை. "நீ தொலைந்தால் உன்னைத் தேட என்னால் முடியுமா?" என்று கேட்டுக்கொள்வதுதானே அது.

ரோஜர்ஸ் கணவாய்க்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1910 மார்ச் 4 இரவு, கீயாப்ஸ் மலையிலிருந்து சரிந்த பனி ரயில் பாதையை மூடியது. அதை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து விழுந்தது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1916இல் எட்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, ரயில் மலைக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. 1962இல் நெடுஞ்சாலை வந்தபோது அதைக் காக்கக் கனடிய ராணுவம் பீரங்கியோடு வந்தது. இன்றும் குளிர்காலத்தில் 105 மில்லிமீட்டர் குண்டுகளைச் சரிவுகளின் மேல் சுட்டு, பனியைத் தாங்கள் நினைத்த நேரத்தில் விழவைக்கிறார்கள். குண்டு விழும் பகுதிக்குள் சறுக்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அனுமதிச்சீட்டு முறை இருக்கிறது. ஆனால் பீரங்கி காப்பது சாலையை. உள்ளே கிண்ணத்தில் நமக்காக யாரும் சுடமாட்டார்கள்.

2003 பிப்ரவரி 1 அன்று இதே கணவாயில், ஒரு பள்ளியிலிருந்து ஸ்கீ பயணம் வந்த 17 பேர் மீது கீயாப்ஸ் மலையின் பனி சரிந்தது. மாணவர்கள் ஏழு பேர் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்ததற்கு ஒரு காரணம், அருகே ஏறிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத இருவர் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து தோண்டியது. அதற்குப் பிறகு மலைப்பகுதிகளை எளிது, சவாலானது, சிக்கலானது என்று மூன்றாகத் தரம் பிரிக்கும் முறை கனடாவில் வந்தது.

உள்ளே போனால் நாமே பனியைப் படிக்க வேண்டும். குழி தோண்டி, முப்பது சென்டிமீட்டர் சதுரமாக ஒரு பனித்தூணைச் செதுக்குவோம். அதன் தலையில் ஷவலை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. ஒருமுறை முழங்கைத் தட்டு தொடங்கியதுமே தூணின் மேற்பாதி தனியே கழன்று, மேசையில் தள்ளிய புத்தகம் போல நழுவி என் மடியில் வந்தது. உடைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் நூல் பருமனுக்கு ஒரு கோடு. எப்போதோ மேகமில்லாத ஓர் இரவில் மேற்பரப்பில் முளைத்த இறகு வடிவ உறைபனிப் படிகங்கள். மேலே புதுப்பனி விழுந்து மூடியும் ஒட்டாமல் அப்படியே காத்திருக்கின்றன. நாங்கள் சறுக்க நினைத்த சரிவு 35 பாகை. பெரும்பாலான பனிச்சரிவுகள் நடப்பது 30க்கும் 45க்கும் இடையில்தான்.

வானம் நீலம், பனி புதிது, எங்களுக்கு முன்னால் ஒரு தடம்கூட இல்லை. இயான் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்தவர். பழகிய இடம் என்ற தைரியம், வந்த காரியத்தை முடிக்கும் பிடிவாதம், குழுவில் கெட்டிக்காரர் இருக்கிறாரே என்ற நம்பிக்கை, தடம்படாத பனி மீதான ஆசை இவையெல்லாம் ஆபத்தின் அடையாளங்களைக் கண்முன்னே மறைத்துவிடுகின்றன என்பது அவர் கண்டது. நாலு பேர் ஆசைப்படும்போது ஐந்தாமவர் வாய்திறப்பது எவ்வளவு கடினம் என்று கல்யாண வீட்டுப் பேச்சில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்.

எங்கள் குழுவில் அன்று வாய்திறந்தவர், வயதில் இளையவர், அனுபவத்திலும் குறைந்தவர். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் வேண்டாம் என்றால் எல்லாருக்கும் வேண்டாம் என்பது எங்கள் ஒப்பந்தம். காரணம் சொல்ல வேண்டிய கடமையும் கிடையாது. காட்டு மரங்கள் அடர்ந்த, சாய்வு குறைந்த வழியாக இறங்கினோம். முழங்கால் ஆழப் பொடிப்பனி, நாலு நல்ல திருப்பம், பிறகு மரங்களுக்கிடையே ஒரே முட்டல் மோதல். அந்தப் பெரிய சரிவு அன்று விழவில்லை. எங்கள் முடிவு சரியா தவறா என்று மலை சொல்லவுமில்லை. பெரும்பாலும் அது சொல்வதில்லை. அதனால்தான் துணிந்து போய் உயிரோடு திரும்பியவர் தன்னைக் கெட்டிக்காரர் என்று எண்ணிக்கொள்கிறார்.

இப்போது யாராவது, "நானும் வரட்டுமா?" என்று கேட்டால், எத்தனை வருடம் சறுக்குகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. ஊர்ப் பூங்காவில் பனிக்கு அடியில் ஒரு பீக்கனைப் பையோடு புதைத்துவிட்டு, கண்டுபிடிக்கச் சொல்லி நேரம் பார்ப்பேன். வேகம் பழகப் பழக வந்துவிடும். நான் உற்றுப் பார்ப்பது வேறொன்று: தடுமாறும்போது, "எனக்குத் தெரியவில்லை, மறுபடி காட்டுங்கள்" என்று கேட்கிறாரா? அப்படிக் கேட்கக் கூச்சப்படாதவர், மலையில், "திரும்பிவிடலாம்" என்று சொல்லவும் கூச்சப்படமாட்டார். அவரை நான் அழைத்துக்கொண்டு போவேன். சறுக்கத் தெரிந்தது கொஞ்சமே என்றாலும் பரவாயில்லை.