கொட்டச்சேட்டுக்குக் கால் வழி

மலை ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. மோட்டாரில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடித் திறந்து, உச்சியில் இறங்கியதும் காப்பி சாப்பிடுவது ஒன்று. வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு நடந்தே ஏறுவது மற்றொன்று. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பிரதான சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றை எண்ணி முடிப்பதற்குள் மலையே முடிந்து போகிறது. மலையைப் பார்த்ததாக மட்டும் சொல்ல முடிவதில்லை.

ஆகவே, நாம் இம்முறை சேர்வராயன் மலையின் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். அயோத்தியாபட்டணத்தைத் தாண்டி அடிவாரத்தில் குப்பனூர் இருக்கிறது. அங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு இன்னொரு சாலை செல்கிறது. அந்தச் சாலையைத் தொட்டும் விலகியும் மலைவாசிகள் நடந்த பழைய கால் வழி ஒன்று உண்டு. வன இலாகாவின் அனுமதி பெற்று, கொட்டச்சேட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக் கொண்டு, தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் புறப்பட்டோம்.

முதலில் முட்புதர், பிறகு மூங்கில், அதன் பிறகு தேக்கு. தை மாதத்தில் தேக்கு மரம் இலைகளை உதிர்த்துவிட்டுச் சந்நியாசியைப் போல் நிற்கிறது. உதிர்ந்த சருகுகள் காலடியில் அப்பளம்போல் நொறுங்குகின்றன. வழியெல்லாம் கருநீலம் கலந்த கெட்டிப் பாறை. இவ்வகைப் பாறைக்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்கத்தாவில் அடங்கியிருக்கும் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வர்த்தகரின் கல்லறைக் கல் இதே இனத்தைச் சேர்ந்ததாம்! எத்தனையோ கோடி வருஷமாக இங்கே நிற்கும் மலைக்குக் கல்லறையிலிருந்து பெயர் கிடைத்தது வேடிக்கைதான்.

மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. சில்வர் ஓக் மரங்களும், அவற்றைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகளும், நிழலில் காப்பிச் செடிகளும் தென்பட்டன. 1820-களில் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காப்பியை இம்மலைக்குக் கொண்டு வந்தார் என்பது சரித்திரம். அதை மூட்டை கட்டித் தலையில் சுமந்து இறக்கியவர்களின் பெயர்கள் சரித்திரத்தில் இல்லை.

இம்மலைவாசிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்லிக் கொள்கிறார்கள். பேசுவது நம் தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் என்பது இவர்களுடைய ஐதிகம்.

பெரியவர் கையிலே ஓர் அரிவாள் இருந்தது. உண்ணிச்செடி பாதையை மறித்த இடங்களிலெல்லாம் அவர் நின்று வெட்டினார். நாம் கடந்து போக வேண்டிய அளவுக்கு மட்டுமல்ல. நன்றாகவே வெட்டி ஒதுக்கினார். "எதற்காகப் பெரியவரே இவ்வளவு சிரமம்?" என்று கேட்டோம்.

"ஆள் நடமாட்டம் இருந்தா செடி வளராதுங்க. இப்ப யாரு நடக்கிறா? இன்னும் ரெண்டு மழை பெஞ்சா இங்கே வழி இருந்ததே தெரியாதுங்க" என்றார்.

"சாலை வந்ததில் உங்களுக்கு வருத்தமா?"

"வருத்தமா? நல்லாச் சொன்னீங்க! பிள்ளைத்தாச்சியைத் தூளி கட்டித் தூக்கிக்கிட்டு இந்த வழியாத்தானுங்க இறங்குவோம். பாதி வழியிலே என்ன ஆகுமோன்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டே நடப்போம். சாலை வேணுமுங்க. ஆனா, வழியும் இருக்கட்டுமே!"

பட்டணத்திலிருந்து போகிறவர்கள் பழமையைப் பற்றிப் பெருமூச்சு விடுவது சுலபம். சுமந்தவர்களுக்குத்தான் சுமையின் பாரம் தெரியும். சாலையும் வேண்டும், வழியும் வேண்டும் என்கிற அந்த வார்த்தைக்கு மேல் நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் பென்டன் மக்காய் என்பவர் 1921-ல் ஒரு யோசனை வெளியிட்டார். அப்பலாச்சியன் மலைத் தொடர் நெடுகிலும் நடப்பதற்கென்றே ஒரு பாதை வேண்டும் என்றார். 1937-ல் அது பூர்த்தியாயிற்று. 2,000 மைலுக்கு மேற்பட்ட அந்தப் பாதையில் புதரை வெட்டுவதும், விழுந்த மரத்தை அகற்றுவதும் பெரும்பாலும் தொண்டர்களே. நம் பெரியவர் அரிவாளும் கையுமாகச் செய்த அதே வேலைதான்!

நெடுவழி நடப்பது நமக்குப் புதிதல்ல. பழனிக்குக் காவடி சுமந்து நடக்கிறோம். சேலத்தில் வக்கீலாயும் நகரசபைத் தலைவராயும் இருந்த ராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரையில் தொண்டர்களை நடத்திச் சென்றதை நாடறியும். பக்திக்காக நடந்தோம், தேசத்துக்காக நடந்தோம். நம் மலைகளைத் தெரிந்து கொள்வதற்காக நடப்பதுதான் குறைவு.

அப்படி நடப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். 2018 மார்ச்சில் தேனி ஜில்லாவைச் சேர்ந்த குரங்கணி மலையில் காட்டுத்தீ 20-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. அதன் பிறகு மலையேற்றத்துக்குச் சட்ட திட்டங்கள் ஏற்பட்டன. 2024-ல் தமிழக அரசாங்கம் 40 மலைப் பாதைகளை வகுத்து, மலைவாசி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பழக்கி, நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. நல்ல காரியம். காட்டை அறிந்தவன் கூலிக்காகக் காட்டைவிட்டுக் கீழே இறங்க வேண்டாம். காடு அறியாதவன் தனியே போய்த் தவிக்கவும் வேண்டாம். இந்த நன்மை சின்னஞ்சிறு மலையூர்களுக்கெல்லாம் எட்ட வேண்டும்.

உச்சிப் பொழுதில் கொட்டச்சேடு வந்து சேர்ந்தோம். திரும்பிப் பார்த்தால் கீழே சமவெளி முழுவதும் வெயிலில் மிதந்தது. நடந்து வந்த வழியோ மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

ஏற்காட்டுக்குப் போகும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஏரியில் படகு விடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு நாளை மட்டும் கால்களுக்கு ஒதுக்குங்கள். முறைப்படி அனுமதி பெறுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். உங்கள் காலடி பட்ட இடத்தில் அந்த வருஷம் உண்ணிச்செடி முளைக்காது.