தூண் நின்ற இடம்

நவம்பர் பிறந்தால் எங்கள் வகுப்புக்கு ஓர் அட்டைப்பெட்டி வரும். உள்ளே, போரில் மாண்டவர்களின் நினைவுக்காகச் சிவப்புத் துணியில் வெட்டிய பொப்பிப் பூக்கள். சில்லறை கொடுத்தால் டீச்சர் சட்டையில் குத்திவிடுவார். கண்டி கட்டுக்கலைப் பக்கம் எங்கள் வீடு. பூவோடு வாசலுக்கு வந்தால் தாத்தா ஒருதரம் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு வருஷம் மட்டும் கையைப் பிடித்துச் சந்து முனைப் பூவரசுக்குக் கூட்டிப்போனார்.

பூவரசு எங்களுக்குப் பழகிய மரம். இலையைச் சுருட்டி ஒரு நுனியை நகத்தால் நசுக்கி ஊதினால் பீப்பீ. பூவை யாரும் சட்டை செய்ததில்லை. தாத்தா ஒன்றைப் பறித்து உள்ளே காட்டினார்: மஞ்சள் இதழ், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. பொழுது சாய்வதற்குள் பூ முழுக்கச் சிவந்துவிடும். "நம்ம நாட்டுப் பட்டாளத்துக்காரனுக்கு வித்த பூ இதுதான்டா" என்றார்.

தாத்தா பையனாக இருந்தபோது கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு கடையில் எடுபிடி வேலைக்கு இருந்தார். முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பிய இலங்கைச் சிப்பாய்களுக்குப் பொப்பி விற்ற பணத்தில் அற்ப சொற்பம்தான் கிடைத்தது. பெரும்பங்கு இங்கிலாந்துக்கே போனது. அதைப் பொறுக்காமல் 1931இல் ஏலியன் பெரேரா, பொப்பி விற்கும் அதே நாளில் பூவரசம்பூ விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். சிங்களத்தில் அது சூரியமல் இயக்கம். இரண்டு மூன்று வருஷத்துக்குள் டொரீன் விக்கிரமசிங்கவும் இடதுசாரி இளைஞர்களும் அதைக் கையில் எடுத்தார்கள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஊர் ஊராகப் போய் மருந்தும் கஞ்சியும் கொடுத்ததும் அவர்கள்தான். அந்தப் பூவைத் தன் காசில் வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டதைச் சொல்லும்போது தாத்தாவின் குரலே மாறிவிடும்.

ஆடிவேலுக்கு எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போன வருஷம்தான் தூணின் கதை வந்தது. செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட வெள்ளித்தேர் காலிமுகத்திடலைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடற்காற்றில் கற்பூரம் நிற்காமல் அணைந்து அணைந்து போனது. எல்லோரும் தேரைப் பார்த்துக் கும்பிட, தாத்தா மட்டும் புல்வெளிப் பக்கம் திரும்பி நின்றார். "இங்கனதான்டா நின்னுச்சு" என்றார். எனக்கு அங்கே காற்றாடி விடும் பையன்களும் கடலை வண்டியும்தான் தெரிந்தன.

நின்றது ஒரு வெள்ளைத் தூண். முதல் போரில் மாண்டவர்களுக்காக 1923இல் எழுப்பியது. வரைந்தவர் எட்வின் லட்யன்ஸ், டில்லியில் இந்தியா கேட்டையும் லண்டனில் நினைவுத்தூணையும் வடிவமைத்த அதே ஆள். கடலைப் பார்த்து உயரமாக நின்றதே அதற்கு வினையாகிவிட்டது. இரண்டாம் போரில் ஜப்பான் நெருங்கியபோது, எதிரி அதையே குறியாக வைத்துக் குண்டு போடுவான் என்று பயந்து கழற்றினார்கள். கல் கல்லாகப் பிரித்து விக்டோரியாப் பூங்காவுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். ஒரு போரில் செத்தவனுக்கு வைத்த கல்லை அடுத்த போர் பெயர்த்து எடுத்துவிட்டதே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. செத்தவனை எல்லோரும் காணவேண்டும் என்றுதானே ஊரின் முகப்பில் வைத்தார்கள்?

மறுநாள் பூங்காவுக்குப் போனோம். அதற்குள் அதன் பெயர் விகாரமகாதேவிப் பூங்கா என்று மாறியிருந்தது. மரங்களுக்கு நடுவே தூண் நின்றது. பின்னால் சுவரில் பெயர்கள். தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போனார். இங்கிலீஷ் அவருக்கு வாசிக்கவராது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன், அவர் ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தார்.

தாத்தாவைக் கண்டிக்குத் துரத்தியதும் அதே இரண்டாம் போர்தான். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. மூட்டை முடிச்சோடு மலைநாட்டுக்கு ஓடிவந்த கூட்டத்தில் தாத்தாவும் ஒருவர். போரும் பின்னாலேயே கண்டிக்கு வந்தது. 1944இல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கே மாற்றிவிட்டார். அங்கே கொட்டகை போட மரம் சுமந்தவர்களில் தாத்தாவும் உண்டு. அவரைப் போன்றவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை, எனக்குத்தான் அது குறை. பர்மாவுக்குப் போகுமுன் 11ஆம் கிழக்கு ஆபிரிக்க டிவிஷன் இலங்கையில் பயிற்சி எடுத்தது. லொறி நிறைய அந்தப் பையன்கள் பாடிக்கொண்டு போனதைத் தாத்தா பார்த்திருக்கிறார். பாஷை புரியாவிட்டாலும் மெட்டு அவருக்கு மனப்பாடம். குளிக்கும்போது முணுமுணுப்பார்.

அவர்களில் சிலர் இங்கேயே தங்கிப்போனார்கள். கண்டியிலிருந்து பேராதனைப் பக்கம், தெவெனி ராஜசிங்க மாவத்தையில் போர் மயானம் இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த பிறகு தாத்தா என்னை அங்கே கூட்டிப்போனார். 203 பேர் அடங்கிய இடம். பாதிக்கு மேல் பிரித்தானியர். 35 பேர் கிழக்கு ஆபிரிக்கர், 26 பேர் இலங்கையர், 23 பேர் இந்தியர், மூன்று இத்தாலியரும் உண்டு. ஒட்ட வெட்டிய புல், கல்லுக்குக் கல் பூச்செடி. பதவி பார்த்து மரியாதை செய்யக்கூடாது என்பது இந்த மயானங்களைப் பராமரிக்கும் ஆணைக்குழுவின் கொள்கை. எங்கள் ஊரில் உயிரோடு இருந்தவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. துரை பங்களா வாசலில் செருப்போடு நிற்கமுடியாத காலம் அது.

ஆபிரிக்கர் வரிசைக்கு வந்ததும் தாத்தா குந்திவிட்டார். "வாசிடா" என்றார். பெயரை வாசித்தேன், இலக்கத்தை வாசித்தேன், படைப்பிரிவை வாசித்தேன், செத்த தேதியை வாசித்தேன்.

"ஊரு?"

"ஊர் எழுதல தாத்தா."

நான் எதையோ விட்டுவிட்டேன் என்று நினைத்து, கல்லின் அடிப்பக்கத்துப் புல்லை ஒதுக்கிப் பார்த்தார். பக்கத்துக் கல்லையும் வாசிக்கச் சொன்னார். அதிலும் ஊர் இல்லை. அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஊரு போடாம வச்சா, ஆத்தா அப்பன் எப்படிடா தேடி வருவாங்க?" என்று மயானத்தைப் பராமரித்துக்கொண்டிருந்த மனிதரிடமே கேட்டார். அந்த மனிதர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அலுவலறையில் ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் தேடிப் பார்க்கலாம் என்று சொல்லி எங்களை உள்ளே கூட்டிப்போனார்.