வீட்டுக்குள் ஒரு கடல்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், நல்லூரையும் இருபாலையையும் கடந்தால் கோப்பாய் தோன்றும். ஒரு பக்கம் செம்பாட்டு மண் தோட்டங்கள். மறுபக்கம், கைதடிப் பாதை கடந்து செல்லும் உப்பாற்றுக் கடனீரேரி. நன்னீரும் உவர்நீரும் அயலவராய் வாழும் இவ்வூரை, கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்க்க விரும்பிய மாணவர் சிலருடன் நாம் சுற்றிவந்தோம். தொட்டிக்குரிய நீரை எவ்வாறு தூய்மை செய்வது என்பதே அவர்களுடைய வினா.

"கடல்மீனுக்குக் கடல்நீர் போதாதா, ஐயா?" என்றான் ஒருவன். கடனீரேரியின் நீர் உதவாது. அதன் உவர்ப்பு மாரியில் குறைந்து கோடையில் மிகும். திறந்த கடலின் நீரோ லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புடன் பெரிதும் மாறாதிருக்கும். அதனையே கொண்டுவந்து நிரப்பினாலும் வினா தீர்ந்துவிடாது. தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்ததை நன்னீரால் ஈடுசெய்தல் வேண்டும். அந்நன்னீரில் உள்ள வேண்டாப் பொருள்களோ ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்கிப் பெருகும்.

கோப்பாய்க் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறுவன. ஆதலின் நீரிற் சுண்ணாம்பு மிகுதி. தோட்டப் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்றும் கசிந்து சேர்கின்றது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. தொட்டியில் இது பாசியை வளர்க்கும், பவளவுயிர்களை வருத்தும். கைக்குழந்தைகளின் உடலிலோ குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலையே குறைக்கும். மீனுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி தொட்டில்வரை சென்றுவிடுகின்றதன்றோ!

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறியும். புற ஊதாக் கதிரும் கிருமியை மட்டுமே கொல்லும். கரி, மணத்தையும் குளோரீனையும் அகற்றும். ஆர்.ஓ. எனப்படும் சவ்வு முறையே கரைந்த பொருள்களிற் பெரும்பகுதியை நீக்கவல்லது. எஞ்சியதை அயன் பரிமாற்றப் பிசின் ஈர்த்துக்கொள்ளும். ஆயின் வீட்டுக் கருவிகள் பல, ஒரு குடம் தூய நீர் தருவதற்கு மூன்று நான்கு குடங்களைக் கழித்துவிடுகின்றன.

அக்கழிவின் பொருளை அறிய, நீர்வேலி வழியாகப் புத்தூர் சென்று, மேற்கே திரும்பி நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றை அடைந்தோம். அங்கே மேல்நீர் நன்னீர்; ஆழத்து நீர் உவர்நீர். குடாநாட்டின் நிலத்தடியும் இத்தகையதே. கனத்த கடல்நீரின்மேல் நன்னீர் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. நீர்மட்டம் நிலையாக ஓர் அடி தாழுமாயின், கீழுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நிலநீரியலார் கணக்கு. வீட்டுக்குள் ஒரு கடல் அமைப்பதற்காகக் கிணற்றுக்குள் கடலை அழைக்கலாமா?

ஆகவே கோப்பாய்க்கு ஏற்ற வழி மழைநீர் என்றே கூறுவோம். பத்துச் சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர் விழும். 100 லீற்றர்த் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் ஆவியானாலும் ஆண்டுக்கு 730 லீற்றரே வேண்டும். முதல் மழையைக் கழியவிட்டு, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதை மூடிய பிளாத்திக்குப் பீப்பாயில் சேர்க்கலாம். சீமெந்துத் தொட்டி சுண்ணாம்பைக் கலக்கும். தகரக் கூரையும் ஆகாது. அந்நீரைத் துணியாலும் கரியாலும் வடித்துப் பிசினூடாகச் செலுத்தினால், சவ்வு வேண்டியதில்லை, கழிவும் இல்லை.

கருவியைத் தேர்வதற்கு முன் நீரைத் தேர்தல் வேண்டும். அதற்கும் முன்னர், மாணவர்கள் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்தறிதல் நன்று. மீன் அருந்தத்தகாத நீரை நம் வீட்டுக் குழந்தை அருந்துகின்றதா என்பது அதனால் விளங்கும்.