யாரோடு சாப்பிடுகிறான்?

பெயரெழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். படம் எடுக்கக் கூடாது, வந்திருப்பவர் யாருடைய பெயரையும் வெளியே சொல்லக் கூடாது, நடுவில் வாய் திறக்கக் கூடாது. பின்சுவரை ஒட்டி ஒரு நாற்காலியைக் காட்டினார்கள்.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கல்வி அலுவலகத்தின் பயிற்சி அறை. வட்ட மேசைகள்; மேசைக்கு ஒரு பள்ளி. ஜன்னலோர மேசை எனக்கு நேரெதிரே இருந்ததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஐந்து பேர். உதவித் தலைமையாசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளியை விட்டு வந்த பிறகும் வாக்கிடாக்கியை இடுப்பிலிருந்து கழற்றவில்லை. அது அணைந்துதான் கிடந்தது, இருந்தும் கை அடிக்கடி அங்கே போய் வந்தது. பக்கத்தில் மாணவர் ஆலோசகர், சின்னப் பெண். நான்கு நிறப் பேனாக்களை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு தொடங்கக் காத்திருந்தார். அடுத்தவர் உளவியலாளர். மூன்று பள்ளிகளுக்கு அவர் ஒருவரே. மதியச் சாப்பாடு பெரும்பாலும் காரில்தான் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணித ஆசிரியர் திருத்தாத விடைத்தாள் கட்டோடு வந்திருந்தார். கடைசியாகப் பள்ளிப் போலீஸ்காரர். ஆறடிக்கு மேல் உயரம், சீருடை, இடுப்பில் துப்பாக்கி. அந்த உடம்பை மெல்லிய நாற்காலியில் பொருத்தி வைப்பதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

இந்த ஐவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தது சட்டம். 2007 ஏப்ரல் 16 அன்று விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். பிறகு விசாரித்துப் பார்த்தால், அவனைப் பற்றி ஆங்கிலத் துறைக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது, விடுதிக்குக் கொஞ்சம், வளாகப் போலீசுக்குக் கொஞ்சம், ஆலோசனை மையத்துக்குக் கொஞ்சம். சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. மறு ஆண்டே அரசுக் கல்லூரிகளில் அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு கட்டாயம் என்று மாநிலம் சட்டம் போட்டது. 2013இல் பள்ளிகளுக்கும் அது வந்தது. நிர்வாகம், கற்பித்தல், ஆலோசனை, காவல் நான்கும் தெரிந்தவர்கள் குழுவில் இருக்க வேண்டும்.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற உளவியலாளர். அறுபது தாண்டிய பெண்மணி, நரைத்த தலை, தட்டையான செருப்பு. வணக்கம் சொல்லி முடித்ததும் வெண்பலகையில் 83 என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

அது அமெரிக்க அதிபரைப் பாதுகாக்கும் சீக்ரெட் சர்வீஸின் கணக்கு. உளவியலாளர் ராபர்ட் ஃபைனும் அந்தத் துறை அதிகாரி பிரையன் வோஸ்கூயிலும், 1949இலிருந்து அமெரிக்காவில் தலைவர்களையும் பிரபலங்களையும் தாக்கிய அல்லது தாக்க நெருங்கிய 83 பேரைப் பற்றிய ஆவணங்களைத் துருவினார்கள்; சிலரைச் சிறைக்கே போய்ச் சந்தித்துப் பேசினார்கள். 1999இல் முடிவு வெளியானது. இப்படிப்பட்டவன்தான் செய்வான் என்று சொல்ல எந்தப் பொது அடையாளமும் கிடைக்கவில்லை. குறிவைத்தவருக்கோ போலீசுக்கோ நேரடியாக மிரட்டல் விடுத்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் யாரும் திடீரென்று கிளம்பிவிடவும் இல்லை. நினைத்தார்கள், திட்டம் போட்டார்கள், ஆயுதம் தேடினார்கள், இடத்தைப் போய்ப் பார்த்தார்கள். ஆளைப் பார்க்காதே, அவன் போகிற வழியைப் பார் என்பதுதான் அச்சுறுத்தல் மதிப்பீட்டுத் துறை அங்கிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

குரைக்கிற நாய் கடிக்காது என்று நம் ஊரில் சொல்வதுதானே என்று எனக்குத் தோன்றியது. போலீஸ்காரருக்கும் ஏறக்குறைய அதே சந்தேகம். கையைப் பாதி தூக்கிக் கேட்டார்: "அப்படியானால் வாயால் மிரட்டுகிறவனை விட்டுவிடலாமா?"

"யாரை மிரட்டுகிறான் என்பதைப் பொறுத்தது" என்றார் பயிற்றுநர். முகம் தெரியாத நீதிபதிக்குக் கடிதம் எழுதுகிறவன் பெரும்பாலும் எழுதுவதோடு நின்றுவிடுவான். பிரிந்துபோன மனைவியிடம் சொல்கிறவன் அப்படி நிற்பான் என்று நம்ப முடியாது. உறவு நெருங்க நெருங்கச் சொல்லுக்கு எடை கூடுகிறது. ஃபிரெடரிக் கால்ஹூன், ஸ்டீபன் வெஸ்டன் என்ற இருவர் இதையெல்லாம் வகைபிரித்து எழுதியிருக்கிறார்கள்; ஒருவர் நீதிமன்றங்களைக் காக்கும் மார்ஷல் துறையின் வரலாற்றாசிரியர், மற்றவர் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸ். இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் இப்படி ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தவர்கள்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் 1989இல் 21 வயது நடிகை ரெபெக்கா ஷேஃபர், வெறிபிடித்த ரசிகன் ஒருவனால் தன் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார். அடுத்த ஆண்டு அந்த நகரப் போலீஸ் இப்படிப்பட்ட அச்சுறுத்தல்களைக் கவனிப்பதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. அந்தப் பிரிவைச் சுற்றி 1992இல் தொழில்முறைச் சங்கமும் உருவானது. கொலை மிரட்டல்களை ஆராய்கிறவர்களின் அந்தச் சங்கம் பல ஆண்டுகளாக மாநாடு கூடிய இடம் அனஹைமில் உள்ள டிஸ்னிலாண்ட் ஹோட்டல். மிக்கி மவுஸ் தொப்பி போட்ட குழந்தைகளுக்கு நடுவே, கழுத்தில் அட்டை தொங்க இவர்கள் நடந்துபோவதை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு காகிதங்கள் வந்தன. கோப்பு மாதிரியே தைத்த பத்துப் பக்கம். இது உண்மை வழக்கல்ல என்று பயிற்றுநர் இரண்டு முறை சொன்னார். அதனால்தான் என்னைப் போன்ற ஒருவன் அந்த அறையில் உட்கார முடிந்தது.

பதினைந்து வயதுப் பையன், பத்தாம் வகுப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ தட்டைத் தள்ளிவிட்டபோது, "உங்க எல்லாரையும் ஒரு நாள் பார்த்துக்கிறேன்" என்றான். ஆய்வுக்கூடத்தில் கூட உட்காரும் பெண் அவன் நோட்டில் ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியலைப் பார்த்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு நூலகரிடம் சொன்னாள்.

அந்த இரண்டு நாளைப் பயிற்றுநர் விரலால் தட்டிக் காட்டினார். கொலம்பைன் பள்ளியில் 13 பேர் கொல்லப்பட்ட பிறகு சீக்ரெட் சர்வீசும் கல்வித் துறையும் 1974 முதல் 2000 வரையிலான 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தன. ஐந்தில் நான்கு சம்பவங்களில் யாரோ ஒருவருக்காவது முன்கூட்டித் தெரிந்திருந்தது. தெரிந்தவர்களில் அநேகமாக எல்லோரும் சக வயதுப் பிள்ளைகள். திட்டம் இப்படி முன்பே வெளியே தெரிவதற்குக் கசிவு என்று தொழிலில் பெயர். காட்டிக்கொடுக்கிறவள் என்ற பேச்சுக்கு அஞ்சாமல் ஒரு பெண் நூலகம்வரை நடந்து வருகிறாள் என்றால், அந்த நூலகர் பல வருடங்களாக நல்ல நூலகராக இருந்திருக்கிறார் என்று அர்த்தம். கோப்பில் நூலகரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது.

உதவித் தலைமையாசிரியை முதல் பக்கம் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டார். "பத்து நாள் சஸ்பெண்ட். பட்டியல் போட்டிருக்கிறான். வேறென்ன வேண்டும்?" கணித ஆசிரியர் தலையாட்டினார். வாக்கிடாக்கிமேல் கை போய் வந்தது.

பயிற்றுநர் அந்தப் பக்கமாக வந்து நின்றார். "அந்தப் பத்து நாளும் வீட்டில் அவனோடு யார் இருப்பார்கள்?"

எல்லோரும் பக்கங்களைப் புரட்டினார்கள். அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை, பகலில் தூக்கம். அப்பா வேறு மாநிலத்தில். வேறு யாருமில்லை.

அதன் பிறகு அந்த மேசை மெதுவாக வாசிக்கத் தொடங்கியது. விர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டூயி கார்னெல் 2001இல் தொடங்கி உருவாக்கிய வழிமுறை அந்தக் கோப்போடு இணைக்கப்பட்டிருந்தது. முதல் வேலை பையனைக் கூப்பிட்டுக் கேட்பது: என்ன சொன்னாய், சொன்னபோது மனதில் என்ன இருந்தது, கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், செய்யப் போகிறாயா? கோபத்தில் வந்து மறைகிற சொல்லா, உள்ளே தங்கிவிட்ட சொல்லா என்று பிரிக்க வேண்டும். முதல் வகை என்றால் மன்னிப்பு, விளக்கம், சமாதானம் என்று அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது என்றால்தான் பெயர்ப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்வது, பாதுகாப்புத் திட்டம், தேவைப்பட்டால் மனநலப் பரிசோதனை, காவல் விசாரணை எல்லாம்.

மாணவர் ஆலோசகர் பச்சைப் பேனாவை எடுத்தார். "யாரோடு சாப்பிடுகிறான்?"

கோப்பில் இல்லை. தட்டு தள்ளிவிடப்பட்டது இருந்தது, தள்ளியவனின் பெயர் இருந்தது, பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்பது இல்லை. "கேட்க வேண்டியவை" என்று ஒரு பத்தி தொடங்கி அதை முதலில் எழுதினார்.

உளவியலாளர் தேதிகளைக் கவனித்தார். அக்டோபரில் தாத்தா சாவு. நவம்பரில் மதிப்பெண் சரிவு. டிசம்பரில் இசைக்குழுவிலிருந்து விலகி, ட்ரம்பெட்டை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறான். "பொருளைக் கொடுத்துவிடுகிறான்" என்று மெல்லச் சொன்னார். மற்றவரைக் கொல்ல நினைப்பதும் தன்னைக் கொல்ல நினைப்பதும் பல வேளைகளில் ஒரே ஆளிடம் இருப்பவை. அந்த 37 சம்பவ ஆய்வில் தாக்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் முன்பே தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. மேசை சற்று நேரம் அந்தப் பையன் யாரைக் கொல்வான் என்பதை மறந்து, அவன் இருப்பானா என்று பேசியது.

போலீஸ்காரர் இதுவரை அதிகம் பேசவில்லை. மூன்றாம் பக்கத்தில் கட்டைவிரலை வைத்திருந்தார். அங்கே வகுப்பாசிரியர் குறிப்பு ஒன்று: ஒவ்வொரு நவம்பரும் தாத்தாவோடு மான் வேட்டைக்குப் போவான், அதைப் பற்றி ஆசையாக எழுதுவான், இந்த வருடம் எழுதவில்லை. மற்ற நால்வரும் அதைத் துக்கம் என்று படித்துவிட்டுக் கடந்திருந்தார்கள்.

"தாத்தாவின் துப்பாக்கிகள் இப்போது எங்கே?" என்றார் அவர்.

பயிற்றுநர் எதுவும் சொல்லவில்லை. வேறு மேசைக்குப் போகக் கிளம்பியவர் நின்றுவிட்டார். பள்ளித் தாக்குதல்களில் பயன்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்தவை. துப்பாக்கியை அலமாரியில் விட்டுவிட்டு, நோட்டைப் படிக்க ஐந்து பெரியவர்களை உட்கார வைக்கிற நாடு இது. அந்த ஐந்து பேரால் அலமாரிச் சட்டத்தை மாற்ற முடியாது. அம்மாவுக்கு ஒரு போன் போட முடியும், பெட்டகம் வாங்கித் தரட்டுமா என்று கேட்க முடியும். போலீஸ்காரர் அதைத் தன் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார்.

இடைவேளைக்கு முன் பயிற்றுநர் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததைச் சொன்னார். ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளி, 2021 நவம்பர் 30. காலையில் ஒரு மாணவனின் கணிதத் தாளில் துப்பாக்கிப் படமும் கலங்கவைக்கும் வரிகளும் இருந்ததை ஆசிரியை கண்டு உடனே தெரிவித்தார். பெற்றோரை அழைத்தார்கள், வந்தார்கள். வீட்டுக்கு அழைத்துப் போக அவர்கள் சம்மதிக்கவில்லை. பையைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிப் போலீஸ்காரர் அந்த அறையில் இல்லை. நான்கு நாளுக்கு முன் அப்பா வாங்கிய துப்பாக்கி பையில் இருந்தது. மதியத்துக்குப் பிறகு அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024இல் உள்நோக்கமில்லாத மனித உயிரிழப்புக்குக் காரணமான குற்றத்துக்காகத் தாய், தந்தை இருவருக்கும் நீதிமன்றம் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை கொடுத்தது.

கணித ஆசிரியர் மடியிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தார்.

காபி வரிசையில், பயிற்றுநரிடம் ஓர் ஆசிரியை காரமாகவே பேசினார். சிறப்புக் கல்விப் பிள்ளைகள்தான் இந்தக் குழு முன்னால் அதிகம் வருகிறார்கள், வார்த்தையை அளந்து பேசத் தெரியாத பிள்ளை சொன்னதெல்லாம் கோப்பாகிவிடுகிறது, அந்தக் கோப்பு அவனோடு எத்தனை வருடம் நடக்கும்? ஊனமுற்றோர் உரிமை அமைப்புகளும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பயிற்றுநர் மறுக்கவில்லை, தண்டிக்கிற குழுவாக இது மாறிய இடங்களில் அது நடக்கத்தான் செய்கிறது என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கேட்ட ஆசிரியைக்கும் போதவில்லை என்பது அவர் சர்க்கரையைக் கலக்கிய வேகத்தில் தெரிந்தது.

திரும்பி வந்து திட்டம் எழுதினார்கள். சஸ்பெண்ட் அடிபட்டுப் போயிருந்தது, அடித்தவர் உதவித் தலைமையாசிரியையேதான். காலையில் பேருந்திலிருந்து இறங்கும் இடத்தில் அவனிடம் யார் பேசுவது? இசை ஆசிரியர், ஏனென்றால் அவனுக்குப் பிடித்த ஒரே ஆள் அவர். தட்டைத் தள்ளியவனிடம் யார்? நானே, என்றார் உதவித் தலைமையாசிரியை. பட்டியலில் உள்ள ஐந்து வீட்டுக்கும் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதில்தான் நீண்ட நேரம் போனது. நான்கு வாக்கியம் எழுதி மூன்றை அடித்தார்கள். அம்மாவுக்கு எத்தனை மணிக்குப் போன் செய்வது என்றுகூட விவாதம். இரவு வேலை முடித்துத் தூங்குகிறவரை எழுப்பி இதைச் சொல்லக் கூடாது, மாலை நான்கு மணி என்று முடிவாயிற்று. இரண்டு வாரத்தில் மறுபடி கூடுவது.

அடுத்த மேசை இதே கோப்பைப் படித்துவிட்டு, கோபப் பேச்சுதான், மன்னிப்போடு முடிக்கலாம் என்று எழுதியிருந்தது. இரண்டு மேசையும் வாதாடின. எது சரி என்று பயிற்றுநர் சொல்லவேயில்லை.

"கடைசியில் அந்தப் பையன் என்ன ஆனான்?" என்றார் கணித ஆசிரியர்.

"பல பையன்களிடமிருந்து எடுத்துத் தைத்த பையன் இவன். என்ன ஆனான் என்று ஒன்றும் கிடையாது." நடக்காமல் போனதை எண்ணுவது இந்தத் தொழிலில் எப்போதும் கஷ்டம். சீக்ரெட் சர்வீஸ் ஆய்வு மையம் 2006 முதல் 2018 வரை முன்கூட்டித் தடுக்கப்பட்ட 67 பள்ளித் தாக்குதல் திட்டங்களைத் தேடி எடுத்து 2021இல் அறிக்கை போட்டது. மன்னிப்போடும் மாலைப் போனோடும் முடிந்துபோனவை எந்தக் கணக்கிலும் வராது. கணித ஆசிரியருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. விடை இல்லாத கணக்கு.

காகிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், எண்ணிப் பார்த்து. அடுத்த கோப்பு வந்தது. இரண்டே பக்கம். பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைத் தேடி அவளைவிட்டுப் பிரிந்த கணவன் இரண்டு முறை வந்திருக்கிறான். கத்தவில்லை, மிரட்டவில்லை. கையில் பூங்கொத்து.

"பூ கொண்டு வருகிறவனை என்ன செய்வது?" என்று சிரித்தார் யாரோ ஒருவர்.

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "எந்த வாசலுக்கு வந்தான்? முன்வாசலுக்கா, இல்லை அவள் காரை நிறுத்துகிற பக்கமா?"