எத்தனை மணிக்கு

18.7.2025, வெள்ளி நள்ளிரவு. ஸ்டேஷன் எதிரே டீக்கடை பெஞ்சில்

பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினாள். பிளஸ் டூ படிக்கிற அவள் மகன் திருவிழா ராத்திரிகளில் மைக் செட் வேலைக்குப் போவான். இன்று முதல் ஆடி வெள்ளி. கிள்ளைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் வேலையை முடித்துக்கொண்டு, ஒரே வண்டியில் மூன்று பையன்களாகத் திரும்பியிருக்கிறார்கள். வழியில் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. "அம்மா, ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்கம்மா" என்று ஒரு போன். அதற்குப் பிறகு அவன் போன் அணைந்தே கிடக்கிறது.

எந்த ஸ்டேஷன் என்று இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. மனுவில் எழுதுவேன், அது போதும்.

பாரா நின்றவர் எங்களை உள்ளே விடவில்லை. வக்கீல் என்று சொன்ன பிறகு எஸ்.ஐ. வெளியே வந்தார். "வண்டி ஒண்ணு திருடு போயிருக்கு மேடம். சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்." எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறீர்களா என்றேன். இல்லை. ஜி.டி.யில், அதாவது ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில், எழுதியிருக்கிறீர்களா என்றேன். பதில் இல்லை. பையனுக்குப் பதினேழு வயசு என்றேன். "பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார். வயதில் சந்தேகம் வந்தால் பள்ளிச் சான்றிதழை முதலில் பார் என்கிறது இளைஞர் நீதிச் சட்டம். அக்கா பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்தாள். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்க எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதும் எஸ்.ஐ.யின் குரல் மாறிவிட்டது. "மேடம்" என்னோடு நின்றது, அவளுக்கு "போம்மா அந்தாண்ட" ஆனது.

இந்த பெஞ்சில் உட்கார்ந்தபடி மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் மெயில் அனுப்பிவிட்டேன். 100-க்கும் 1098-க்கும் பேசிவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே செய்தி: பதினேழு வயதுப் பையன், இந்த ஸ்டேஷனுக்குள் இருக்கிறான், இப்போது மணி 12.20.

உள்ளேயிருந்து சத்தம் கேட்கிறது. அக்கா என் கையைப் பிடித்திருக்கிறாள். மேலே எழுத முடியவில்லை.

19.7.2025, சனி

விடிகாலை நாலரைக்கு அவனை வெளியே அனுப்பினார்கள். மற்ற இருவரையும் விடவில்லை. ஒருவனுக்குப் பத்தொன்பது, இன்னொருவனுக்கு இருபது.

பையன் கால் விரல்களை மட்டும் ஊன்றி நடந்து வந்தான். முடியைக் கண்டபடி கத்தரித்திருந்தார்கள், ஒரு பக்கம் தலைத்தோல் தெரிகிறது. "ஹீரோவாடா நீ" என்று கேட்டுக்கொண்டே வெட்டினார்களாம். உள்ளங்காலில் லத்தியால் அடித்துவிட்டு எழுந்து குதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குதித்தால் வீக்கம் தெரியாது. வெள்ளைத்தாள் இரண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போனைத் திருப்பித் தரவில்லை.

அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவேண்டும் என்றாள். நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ஒத்தடம் அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் இன்றைய தேதியும் மணியும் ஏறியாக வேண்டும்.

பணியில் இருந்தது வயதில் சின்ன டாக்டர். "கீழே விழுந்தான்னு போட்டுக்கலாமா? இல்லேன்னா எங்களுக்கும் கோர்ட்டு கேஸ்னு அலைச்சல்" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த மாநிலத்தில் எத்தனை பையன்கள் கையில் மாவுக்கட்டோடு கோர்ட்டுக்கு வந்து, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்! பிடிபட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்களா, போலீஸ்காரர்கள் விழுவதே இல்லையா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்கும் அளவுக்கு அந்தக் கதை பழசாகிவிட்டது. நான் டாக்டரிடம் வாதம் பண்ணவில்லை. "அவனையே கேளுங்க, அவன் சொல்றதை எழுதுங்க" என்றேன். டாக்டர் முழங்கால் போட்டு உட்கார்ந்து பையனின் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு எழுந்து போய் எழுதினார்: தெரிந்த போலீஸ்காரர்கள் நான்கு பேர் லத்தியால் தாக்கியதாகச் சொல்கிறான், சம்பவ நேரம் நேற்று இரவு சுமார் 11.30 முதல், இங்கே வந்த நேரம் காலை 5.25. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் நன்றாக இருக்கவேண்டும்.

மதியம் தூக்கம் வராமல் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்த பிரிவுகள்தான், மறுபடி படித்தால் மனது ஆறும் என்று தோன்றியது. பதினெட்டு வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கவே கூடாது. உடனே சிறுவர் நல போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைக்கவேண்டும், பெற்றோருக்குச் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். விலங்கு போடக்கூடாது. கொடுங்குற்றம் இல்லாவிட்டால், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவும் இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆரே போடவேண்டியதில்லை. காக்கிச் சட்டையோடு அவனிடம் பேசவே கூடாது என்று விதி எழுதியவர் எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்.

இத்தனையும் அவன் பிடிபட்டான் என்று ஒரு பேப்பரில் எழுதினால்தான் தொடங்கும். நேற்று இரவு அப்படி எழுதப்படவே இல்லை.

20.7.2025, ஞாயிறு

அரசியல் கட்சிக்காரர் ஒருவர் அக்கா வீட்டுக்கு வந்து போனார். பையனின் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். "சின்னப் பையன், நாளைக்கு வேலைக்கு வெளிநாடு போகணும்னா பாஸ்போர்ட்டுக்கு இதே ஸ்டேஷன்லதான் வெரிஃபிகேஷன். கஞ்சா கேஸ்னு போட்டா வாழ்க்கையே போச்சு" என்று அக்கறையாகச் சொன்னாராம். அக்கா வீட்டுக்காரர் அதைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். "வேணாம் வக்கீலம்மா, விட்டுடுங்க. உசுரோட வந்துட்டான்ல" என்றார்.

உயிரோடு வந்துவிட்டான் என்று ஒரு தகப்பன் ஆறுதல் பட்டுக்கொள்ளும் மாதம் இது. மூன்று வாரம்தான் ஆகிறது, திருப்புவனத்தில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்து. வயது 27. காரில் வைத்த நகை காணாமல் போனது என்று ஒரு புகார். எஃப்.ஐ.ஆர். போடாமலேயே தனிப்படை கூட்டிப்போனது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். கழிவறை ஜன்னல் வழியாக யாரோ பயந்து பயந்து எடுத்த சின்ன வீடியோ இல்லாவிட்டால் அவரும் வழுக்கி விழுந்தவராகத்தான் கணக்கில் ஏறியிருப்பார். 2023-இல் அம்பாசமுத்திரத்தில் இளைஞர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஓர் ஏ.எஸ்.பி. மேல் புகார் எழுந்தபோதும் வெளியே வந்து வாய் திறந்து காட்டியவர்கள் அந்தப் பையன்கள்தான். எந்த ரிஜிஸ்டரிலும் அது இல்லை.

தகப்பனாரை நான் கட்டாயப்படுத்தவில்லை. இரவு அக்கா தனியாக வந்தாள். "அவர் பயப்படுறார். எனக்கும் பயம்தான். ஆனா அவன் பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடவே பயப்படுறான் பாப்பா. நாளைக்கு நான் உன்கூட கடலூர் வரேன்."

21.7.2025, திங்கள்

காலை பஸ்ஸில் கடலூர். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஊர்கள் கடந்துகொண்டே இருந்தன. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, மார்க் ஷீட் கவரை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர் நாள் கூட்டம். மனு கொடுத்து ரசீது வாங்கினோம். எஸ்.பி. ஆபீசில் ஒரு மனு. குழுமத்தில் ஒரு மனு: வெள்ளி இரவு பத்து மணி முதல் சனி காலை ஆறு மணி வரை ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க உத்தரவிடவேண்டும். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வாசல், லாக்கப், வராண்டா, அதிகாரிகள் அறை என்று எல்லா இடத்திலும் கேமரா, பதிவுகள் 18 மாதம் இருக்கவேண்டும். அதே 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிபட்ட இரவின் பதிவைத் தேடிப்போன மாஜிஸ்திரேட், அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அதை அமைத்திருப்பதைத்தான் கண்டார். கேமரா இருந்தது, அந்த இரவு அதில் இல்லை.

மதியம் மஞ்சக்குப்பத்தில் என் சீனியரைப் பார்த்தேன். வயதாகிவிட்டது, சேம்பருக்கு மட்டும் வருகிறார். மெயில் அனுப்பிய நேரத்தைப் படித்துவிட்டு, "இதான் எங்க காலத்துத் தந்தி" என்றார். அந்த நாளில் பையனைத் தூக்கிவிட்டார்கள் என்று யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "தந்தி அடிச்சாச்சா?" என்பதுதான். முதலமைச்சர், டி.ஜி.பி., கலெக்டர், உயர் நீதிமன்றம் என்று நாலு பேருக்கு அடிப்பார்கள். படித்துப் பார்ப்பார்களா என்பது முக்கியமில்லை. தந்தி ஆபீஸ் ரசீதில் தேதியும் நேரமும் இருக்கும். போலீஸ் பிறகு எந்த நேரத்தை எழுதினாலும் அந்த ரசீது அதற்கு முன்னால் நிற்கும். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது ஊரெல்லாம் அதை ஒரு பழைய நினைவாகப் பேசியது, இவர் மட்டும் தன் கட்சிக்காரர்களுக்கு ஒரு கதவு அடைபட்டதாக வருத்தப்பட்டார்.

முதனை வழக்கைப் பற்றியும் பேசினார். இதே மாவட்டம், அன்றைக்குத் தென்னார்க்காடு. 1993 மார்ச்சில் கம்மாபுரம் போலீஸ் ராஜாக்கண்ணுவைத் திருட்டு சந்தேகத்தில் பிடித்தது. தப்பி ஓடிவிட்டார் என்றது. உடல் எல்லை தாண்டி அடுத்த மாவட்டத்தில் கிடந்தது. அவர் மனைவி பார்வதி உயர் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவோடு போனார், வக்கீல் சந்துரு வாதாடினார். கீழ்க்கோர்ட் போலீஸ்காரர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தபோது 2006 ஆகிவிட்டது. பதின்மூன்று வருஷம். இதை வைத்து எடுத்த 'ஜெய் பீம்' படம் பார்த்து அழுதவர்களில் எத்தனை பேருக்கு இது நம் விருத்தாசலம் பக்கத்துக் கதை என்று தெரியும்! அந்த வழக்கிலும் சண்டை அதேதான்: அவர் ஸ்டேஷனில் இருந்தாரா, எப்போது வரை இருந்தார்.

23.7.2025, புதன்

சிதம்பரம் கோர்ட். பெரிய வேலை இல்லை. சாயங்காலம் பையனைப் புதுச் செருப்பு ஒன்று வாங்கக் கூட்டிப்போனேன், பழைய செருப்பு பாதத்தில் ஏறவில்லை.

வழியில் அண்ணாமலை நகரில் ராஜேந்திரன் சிலையைப் பார்த்து, "இவர் யாருக்கா?" என்று கேட்டான். இத்தனை வருஷம் இந்த வழியே போய்வந்தவன். 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்பு ஊர்வலம், போலீஸ் சுட்டதில் இறந்த பல்கலைக்கழக மாணவர் என்றேன். "என்ன வயசு?" என்றான். உன் வயசுதான், ஒன்று கூட இருக்கும் என்றேன்.

1971-ஐச் சொல்லவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன். அன்றைய முதலமைச்சருக்கு இதே பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்ததை மாணவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. உதயகுமார் என்ற மாணவரின் உடல் வளாகத்துக் குளத்தில் கிடந்தது. அது தன் மகன் உடல் இல்லை என்று பெற்ற தகப்பனே சொன்னார். அப்படிச் சொல்லவைத்தார்கள் என்றுதான் ஊரில் வயதானவர்கள் பலர் இன்றும் சொல்கிறார்கள். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. எனக்கு அந்தத் தகப்பன் மேல்தான் நினைப்பு போகிறது. பக்கத்து வீட்டில் ஒருவர் "விட்டுடுங்க" என்று கும்பிட்டதைப் பார்த்த பிறகு, அவர் என்ன பயத்தில் இருந்திருப்பார் என்று புரிகிறது.

1992 ஜூன் அண்ணாமலை நகர் போலீஸ் ஸ்டேஷனையும் மறக்கக்கூடாது. சந்தேகத்தில் பிடித்த ஓர் இளைஞர் உள்ளேயே இறந்தார், அவரைப் பார்க்கப்போன இளம் மனைவியைப் போலீஸ்காரர்களே சீரழித்தார்கள். மாதர் சங்கமும் இடதுசாரிகளும் தெருவுக்கு வந்து போராடியதால் அது வழக்காகி, தண்டனை வரை போனது. கோயிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பேர்போன ஊர் இது. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் இதன் வரலாறு.

24.7.2025, வியாழன்

ஆடி அமாவாசை. பையன் ஸ்கூலுக்குப் போனான். தொப்பியைக் கழற்றச் சொல்லவில்லையாம், வகுப்பு ஆசிரியர் எதுவும் கேட்காமல் முன் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்.

26.7.2025, சனி

பத்தொன்பது வயதுப் பையனின் அம்மா வந்திருந்தார். மகன் சிறையில். வண்டித் திருட்டு வழக்கு. அக்காவிடமிருந்து என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, ரிமாண்ட் நகலை எனக்காகவே வாங்கி வந்திருந்தார். படித்தேன். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, பஸ் நிறுத்தத்தில் சந்தேகப்படும்படி நின்றவனைப் பிடித்ததாக எழுதியிருக்கிறது. வெள்ளி இரவே அவன் உள்ளே இருந்தான், ஸ்டேஷன் வாசலில் நான் இருந்தேன். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் காணோம். அந்த நேரத்தில் அவனை என்ன செய்தார்கள் என்று கேட்க ஆளில்லை, ஏனென்றால் பேப்பர்படி அவன் அப்போது வெளியே சுதந்திரமாக இருந்தான்.

"இதை எப்படிம்மா பொய்யினு காட்டுறது? நாங்க சொன்னா நம்புவாங்களா?"

உட்கார்ந்து பேசப் பேச ஒவ்வொன்றாக வந்தது. கிள்ளை ரோட்டு டீக்கடையில் அவன் வெள்ளி இரவு ஜிபேயில் முப்பது ரூபாய் கொடுத்திருக்கிறான், 10.52. அக்கா மகன் வீட்டுக்குப் பேசிய போன் 11.04. மைக் செட் முதலாளி பையன்கள் எங்கே என்று கேட்டு எஸ்.ஐ.க்கே போன் செய்திருக்கிறார், 11.40. என் மெயில் 12.20. ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடையில் தெருவைப் பார்த்து ஒரு கேமரா இருக்கிறது. கடைக்காரர் தரமாட்டேன் என்று இதுவரை சொல்லவில்லை, யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு நேரமாக வாசிக்க, அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டார். ஜாமீன் மனுவோடு இதையும் சேர்க்கிறேன். திங்கள்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் தன் மகனைச் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லலாம் என்றேன். அதுவும் அன்றைய தேதி போட்டு எழுதப்படும்.